செஸ் பாடத்தை எந்த முனையில் தொடங்குவது?

பலகையில் காய்களை அடுக்கியாயிற்று. எதிரே ஆறு வயதோ அறுபது வயதோ ஆன ஒருவர் ஆவலோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முதலில் எதைச் சொல்லித் தருவது? செஸ் தெரிந்தவர்களுக்குள்ளேயே இதில் நான்கு கட்சிகள் உண்டு. எல்லா விதிகளையும் ஒரே நாளில் சொல்லி முழு ஆட்டத்தில் இறக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. சில காய்களை மட்டும் வைத்துக் குட்டி ஆட்டங்களாக ஆடவிட வேண்டும் என்பது இன்னொன்று. பலகையைக் காலியாக்கி, ஆட்டம் எப்படி முடிகிறது என்பதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும் என்பது மூன்றாவது. ஓப்பனிங் எனப்படும் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்யவைத்து, அந்தப் பலத்தில் போட்டிக்கு அனுப்பலாம் என்பது நான்காவது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது வழி. அதற்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வழி, கூடவே மூன்றாவதில் ஒரு பங்கு. நான்காவது, முதல் சில மாதங்களுக்கு யாருக்கும் வேண்டாம். புதிதாக ஆடுபவர் திட்டம் இல்லாமல் தோற்பதில்லை. பலகையில் இருப்பது கண்ணில் படாமல்தான் தோற்கிறார். துணையில்லாமல் நிற்கும் குதிரை, தூரத்து மந்திரி குறிவைத்திருக்கும் யானை, அடுத்த நகர்வில் விழப்போகும் செக்மேட் எல்லாமே எதிரில் திறந்துதான் கிடக்கின்றன, ஆனால் தெரிவதில்லை. எந்த வழி கண்ணைச் சீக்கிரம் பழக்குகிறது என்பதுதான் என் அளவுகோல்.

முழு ஆட்டமும் முதல் நாளே

இதில் சுற்றிவளைப்பு கிடையாது. பெரியவர்கள் ஆடுவது எதுவோ அதையே பிள்ளையும் முதல் நாளிலிருந்து ஆடுகிறது. ஆறு வகைக் காய்களின் நடையைச் சொல்ல அரை மணி நேரம் போதும். ஜெயிக்க வேண்டும் என்ற சூடு உடனே பிடித்துக்கொள்ளும். நம்மில் பலரும் செஸ்ஸுக்குள் வந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. முதல் நகர்வுக்கே வெள்ளைக்கு 20 வழிகள்: சிப்பாய்களால் 16, குதிரைகளால் 4. கறுப்பும் ஒருமுறை ஆடிவிட்டால் பலகையில் 400 விதமான நிலைகள் வரலாம். இவற்றில் நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்க ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு பிடிமானமும் இல்லை. ஆகவே மனதுக்குப் பட்டதைச் செய்யும். ஓரத்துச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளும் (கட்டங்களின் பெயர் இப்படி: வெள்ளையின் இடக்கோடியிலிருந்து நெடுவரிசைகள் ஏ முதல் ஹெச் வரை, வெள்ளையின் பக்கத்திலிருந்து வரிசைகள் 1 முதல் 8 வரை). பின்னால் நின்ற யானைக்கு வழி திறந்துவிட்ட குஷியில் அதை ஏ3-க்குக் கொண்டுவரும். கறுப்பின் இ-சிப்பாய் அதற்குள் நகர்ந்திருந்தால், எஃப்8-இல் இருக்கும் மந்திரி ஒரே ஓட்டத்தில் வந்து அந்த யானையை வெட்டிவிடும். பதிலுக்கு மந்திரியை வெட்டினாலும், 5 மதிப்புள்ள காயைக் கொடுத்து 3 மதிப்புள்ளதை வாங்கிய கணக்குத்தான். இதே காட்சியை எத்தனையோ பலகைகளில் பார்த்திருக்கிறேன். பிள்ளையிடம் அலட்சியம் ஏதும் இல்லை. அதன் பார்வை யானையைச் சுற்றியே இருந்தது. மறுகோடியிலிருந்து சாய்வாக ஒரு கோடு வந்து அந்தக் கட்டத்தில் முடிகிறது என்பது இன்னும் கண்ணில் ஏறவில்லை.

ஆட்டத்தின் முடிவிலும் இதே கதைதான். எதிராளியின் காய்களையெல்லாம் வெட்டித் தீர்த்தாயிற்று. கறுப்பிடம் தனி ராஜா மட்டும், ஹெச்8 மூலையில். வெள்ளை ராணி வேகமாக வந்து ஜி6-இல் நிற்கிறது. செக் இல்லை, ஆனால் ஜி8, ஜி7, ஹெச்7 மூன்றுமே ராணியின் பிடியில். ராஜா நகர இடமில்லை, ஆகவே ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. ஒரு மணி நேரம் ஆடி, எல்லாவற்றையும் வெட்டிய பிறகு "ஜெயிக்கவில்லை" என்று சொன்னால் எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளும்? அழுகை வரும், பலகை மூடப்படும்.

பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நிலைமை வேறு. சிப்பாய்களை மட்டும் வைத்து ஆடச் சொன்னால் தம்மைச் சிறுபிள்ளையாக நடத்துவதாக நினைத்துக்கொள்வார்கள். இரண்டு ஆட்டம் தோற்றால் காரணத்தைக் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு முழு ஆட்டமே சரி. முதல் நாளில் கேஸ்லிங்கையும் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) ஆன் பாஸானையும் (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை வெட்டும் விதி) விட்டுவிட்டால் போதும், தலை கனக்காது.

குட்டி ஆட்டங்கள்

இதில் முதன்மையானது சிப்பாய்ப் போர். இரு பக்கமும் எட்டுச் சிப்பாய்கள் மட்டும், வழக்கமான இடங்களில். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கோடி வரிசையைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. ஒரு ஆட்டம் ஐந்து நிமிடம்கூட ஓடாது. தோற்றவர் உடனே "இன்னொரு தடவை" என்பார். முழு ஆட்டத்தில் ஒரு தோல்விக்கு ஆகும் நேரத்தில் இங்கே ஏழெட்டுத் தோல்விகள் ஆகிவிடும். தொடக்கத்தில் அதுவே பெரிய லாபம்.

எளிமையாகத் தோன்றினாலும் இந்த ஆட்டத்துக்குள் சரக்கு நிறைய. ஒரு விதமாக நகர்ந்து வேறு விதமாக வெட்டும் காய் சிப்பாய் மட்டுமே. தொடக்கக்காரர்களுக்கு அதிகம் குழம்புவதும் அதில்தான். மற்ற காய்களின் கூட்டத்தில் அந்தக் குழப்பம் மாதக்கணக்கில் இழுக்கும், இங்கே ஒரே மாலையில் தீரும். எதிரே தடுக்கவோ பக்கத்திலிருந்து வெட்டவோ ஆளில்லாத சிப்பாய் எவ்வளவு ஆபத்தானது என்பது சொல்லித்தராமலே புரியும். எல்லாச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்று, மீதியிருக்கும் ஒரே நகர்வு தனக்கே கேடாக அமையும்போது, நகர்த்துவதும் ஒரு சுமை என்பது பிடிபடும். சில காய்களே மிஞ்சி நிற்கும் இறுதியாட்டத்தின் பாதி நுட்பம் அந்த உணர்வில்தான் இருக்கிறது.

ஆன் பாஸானைப் பாருங்கள். முழு ஆட்டத்தோடு சொன்னால் யாரோ வேண்டுமென்றே நுழைத்த விசித்திர விதியாகத்தான் தெரியும். சிப்பாய்ப் போரில் வெள்ளைச் சிப்பாய் பாடுபட்டு இ5 வரை வந்து நிற்கிறது. கறுப்புச் சிப்பாய் டி6-க்கு வந்தால் வெட்டலாம் என்று காத்திருக்கிறது. கறுப்பு டி7-இலிருந்து ஒரே தாவலில் டி5-க்குப் போய்த் தப்பப் பார்க்கிறது. "இது ஏமாற்று!" என்று பிள்ளையே கத்தும். அந்த நொடியில், "ஆமாம், அதனால்தான் ஒரு விதி இருக்கிறது, அது டி6-இல் நின்றதாக நினைத்துக்கொண்டு வெட்டலாம், ஆனால் இந்த நகர்விலேயே வெட்டிவிட வேண்டும்" என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்து ராஜாக்களைச் சேர்க்கலாம். அப்புறம் தனி ராணிக்கு எதிராக எட்டுச் சிப்பாய்கள். குதிரைக்கு எதிராக மூன்று சிப்பாய்கள். குதிரை வந்ததும் ஒரு சின்ன வேலை: காலிப் பலகையில் அதை மூலையில் வைத்து எத்தனை கட்டங்களுக்குப் போகலாம் என்று எண்ணச் சொல்லுங்கள். 2. நடுவில் வைத்தால் 8. யானைக்கோ எங்கே வைத்தாலும் 14-தான். நடுப்பலகை ஏன் முக்கியம் என்ற பாடத்தைப் பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடித்ததாகிவிடும்.

நெதர்லாந்தில் ராப் ப்ரூனியாவும் கோர் வான் வெய்கெர்டனும் 1987-இலிருந்து வளர்த்தெடுத்த படிமுறைப் பாடம் இப்படி அடுக்கடுக்காகப் போவதுதான். இன்று பல நாடுகளில் பயிற்சியாளர்கள் அதைக் கையாள்கிறார்கள். பிள்ளைக்கு முதலில் காய்கள் மட்டுமே தெரியும், பலகையின் பரப்பும் ஆட்டத்தின் காலக்கணக்கும் பிறகுதான் தெரியவரும், பாடமும் அந்த வரிசையில் போகட்டும் என்பது அதன் அடிப்படை. பலகைக்கு எதிரே பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

குறையும் உண்டு. இழுத்துக்கொண்டே போனால் சலிக்கும். பள்ளித் தோழன் "நான் நிஜ செஸ் ஆடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பாடத்திட்டம் முழுவதும் கவிழ்ந்துவிடும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் முழுப் பலகைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. வெட்டுவதையும் நகர்வதையும் குழப்பிக்கொள்வது நின்ற அன்றே ராஜாவைச் சேர்த்துவிடுங்கள். ராஜா இல்லாத ஆட்டத்தையே பழகிவிட்டால், செக் வரும்போது பிள்ளைக்குப் பதற்றம் மட்டுமே மிஞ்சும்.

முடிவிலிருந்து முதலுக்கு

1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கியூபாவின் கபாபிளாங்கா, இறுதியாட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர். அவருடைய வாதம் எளிது: இறுதியாட்டத்தைத் தனியாகப் படித்துத் தேற முடியும், ஓப்பனிங்கையும் நடு ஆட்டத்தையும் இறுதியாட்டத்தோடு பொருத்தித்தான் படிக்க முடியும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாதவனுக்கு வழி எதற்கு?

வாதத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று நான்கு காய்கள் மட்டும் இருக்கும்போது ஒவ்வொன்றின் பலமும் பளிச்சென்று தெரியும். இரண்டு யானைகளால் தனி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி மேட் செய்வது எல்லாரும் கற்கும் முதல் பாடம். ஒரு யானை ஏ4-இல் நின்று நான்காம் வரிசையை மறிக்கிறது, இன்னொன்று ஹெச்5-இல் செக் கொடுக்கிறது, ராஜா ஆறாம் வரிசைக்குப் போகிறது. அது ஜி6-க்கு வந்து ஹெச்5 யானையை மிரட்டும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். யானை அதே வரிசையில் மறுகோடிக்குப் போய்விட வேண்டும். ஆனால் ஏ5-க்கு அல்ல. அங்கே போனால் ஏ4-இல் நிற்கும் சகாவின் வழியை அடைத்துக்கொள்ளும். பி5-க்குப் போக வேண்டும். அந்த ஒரு கட்ட வித்தியாசத்தைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் வாயைத் திறந்தால் பாடம் கெட்டது.

சிப்பாயின் சதுரம் இன்னொரு நல்ல பாடம். ஏ4-இல் வெள்ளைச் சிப்பாய், துணைக்கு யாரும் இல்லை. ஏ4, ஏ8, இ8, இ4 என்ற நான்கு மூலைகளைக் கொண்ட சதுரத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். கறுப்பு தன் முறையில் ராஜாவை அந்தச் சதுரத்துக்குள் வைக்க முடிந்தால் சிப்பாயைப் பிடித்துவிடும், முடியாவிட்டால் பிடிக்காது. ஒவ்வொரு நகர்வாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதில் ருசி கண்டவருக்குப் பிறகொரு நாள் ரிச்சர்டு ரெட்டி 1921-இல் அமைத்த புதிரைக் காட்டலாம்: வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5, வெள்ளையின் முறை, டிரா செய்ய வேண்டும். சதுரக் கணக்குப்படி ஹெச்-சிப்பாயைப் பிடிக்கவே முடியாது. ஆனால் ராஜா மூலைவிட்டமாக இறங்கும்போது ஒரே நடையில் இரண்டு வேலை செய்கிறது. விடையை இங்கே எழுதப்போவதில்லை.

ஆறு வயதுக்கு இதை முதல் பாடமாக வைத்தால் எடுபடாது என்பதே என் தயக்கம். சண்டையும் வெட்டும் இல்லாமல் தனி ராஜாவைத் துரத்திக்கொண்டிருப்பது வீட்டுப்பாடம் போல ஆகிவிடும். ஆனால் மூன்று துண்டுகளை எந்த வழியில் போனாலும் முதல் மாதங்களுக்குள் சொல்லித் தந்தாக வேண்டும்: இரண்டு யானை மேட், ராணியும் ராஜாவும் சேர்ந்து செய்யும் மேட், சிப்பாயின் சதுரம். ஜெயித்த ஆட்டத்தை முடிக்கத் தெரியாதவருக்கு ஜெயிப்பதில் ஆசை குறைந்துகொண்டே போகும்.

ஓப்பனிங் மனப்பாடம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆனால் அதிகம் விலைபோவது இதுதான். கைகுலுக்கிய கையோடு ஐந்து நகர்வுகளை மளமளவென்று ஆடிக்காட்டும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். எதிராளி மூன்றாம் நகர்விலேயே பாடத்தில் இல்லாததை ஆடுகிறான். பிறகு?

இதே பையில்தான் நான்கு நகர்வு மேட்டும் வருகிறது. இ4, இ5, மந்திரி சி4, குதிரை சி6, ராணி ஹெச்5, குதிரை எஃப்6, ராணி எஃப்7-ஐ வெட்டி மேட். இதைக் கற்ற பிள்ளை ஒரு மாதம் எல்லாரையும் வீழ்த்தும். பிறகு ஒருவன் மூன்றாம் நகர்வில் ஜி6 ஆடுவான். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி மிரட்டும், குதிரை எஃப்6-க்கு வந்து வழியை மறைக்கும். இப்போது வெள்ளை ராணி, தன் குதிரை வர வேண்டிய நல்ல கட்டத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மாத வெற்றிகள் கற்றுக்கொடுத்தது என்ன? எதிராளி தூங்குவான் என்று நம்பி ஆட மட்டும்தான். இந்த மேட்டைக் காட்டவே கூடாது என்று சொல்லவில்லை. எஃப்7-ஐக் காக்க ஆரம்பத்தில் ராஜாவைத் தவிர யாருமில்லை என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லி, காக்கும் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துக் காட்டுங்கள். ஓப்பனிங் பற்றி முதல் வருடத்துக்கு மூன்று வாக்கியங்கள் போதும்: நடுவில் சிப்பாயை வை, குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டுவா, சீக்கிரம் கேஸ்லிங் செய்.

மனப்பாடத்தின் பக்கம் பேசுகிறவர்கள், வல்லுநர்களின் நினைவாற்றலைச் சான்றுக்கு அழைப்பார்கள். உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல பதில். நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், வல்லுநர் புதியவரைவிட மிக அதிகக் காய்களைச் சரியாக அடுக்கினார். காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவரிடம் இருந்தது பொதுவான நினைவுத்திறன் அல்ல, ஆட்டங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த வடிவங்கள். வடிவங்கள் சேர வேண்டுமானால் ஒரு நகர்வு மேட்டுகளும், துணையில்லாத காயைக் கண்டுபிடிக்கும் புதிர்களும் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒரே ஓப்பனிங்கின் பத்து நகர்வுகள் அந்த வேலையைச் செய்யாது.

செயலியா, ஆளா?

புதிர்களுக்குச் செயலி அருமையான கருவி. சலிக்காது, கோபப்படாது, அடுத்த புதிரைத் தயாராக வைத்திருக்கும். தினமும் பதினைந்து நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் புதிர் என்று போட்டுவிட்டாலே "இங்கே ஏதோ இருக்கிறது, தேடு" என்று சொல்லியாகிவிட்டது. ஆட்டத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. திரையில் தப்பாகத் தொட்டால் இன்னொரு முறை தொடலாம். போட்டிப் பலகையில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். மூன்று நிமிட ஆட்டங்களைச் செயலியில் ஆடிப் பழகிய விரல், யோசனைக்கு முன்னால் ஓடும். முதல் மாதங்களில் கடிகாரம் வைத்த அதிவேக ஆட்டத்தை அறவே தவிர்த்துவிடலாம். புதிர் செயலியில், ஆட்டம் மரப்பலகையில் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

முதல் கட்டத்துக்குப் பயிற்சியாளர் தேவையில்லை. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் கற்றுக்கொடுத்தவர் அவர் அம்மா. பாபி ஃபிஷரும் ஆறு வயதில் அக்காவோடு சேர்ந்து, பெட்டியோடு வந்த விதித்தாளைப் படித்தே கற்றார். வீட்டில் ஆடும்போது வரும் தொல்லை வேறு: பெரியவர் எப்போதும் ஜெயித்தால் பிள்ளை விலகிவிடும், வேண்டுமென்றே தோற்றால் கண்டுபிடித்துவிடும். பழைய வழக்கம் ஒன்று இதற்கு உதவும். பெரியவர் தன் ராணியை எடுத்துவைத்துவிட்டு ஆடுவது. அதில் பிள்ளை ஜெயிக்கத் தொடங்கினால், அடுத்து ராணிக்குப் பதில் யானையை மட்டும் எடுப்பது, பிறகு குதிரையை. இருவருமே முழு மூச்சாக ஆடலாம். நகர்த்தியதைத் திரும்ப எடுப்பதற்கு ஆட்டத்துக்கு ஒரு முறை மட்டும் அனுமதி என்று பேசிவைத்துக்கொண்டால் சண்டையும் குறையும்.

எந்த வயதில் என்பது பெற்றோரை அளவுக்கு மீறி அரிக்கும் கேள்வி. கபாபிளாங்கா நான்கு வயதில் கற்றார். சோவியத் வீரர் போட்வின்னிக் 12 வயதில்தான் கற்றார். 1948-இல் உலக சாம்பியன் ஆனார். ஒரு வருடம் முந்துவதால் கிடைப்பதைவிட, விருப்பமில்லாமல் உட்காரவைப்பதால் போவது அதிகம். கணக்கில் மதிப்பெண் கூடும் என்பதற்காகச் சேர்ப்பதும் வேண்டாம். இங்கிலாந்தில் 100 தொடக்கப்பள்ளிகளை வைத்து நடத்தி 2016-இல் முடிவு வெளியிட்ட சோதனையில், பள்ளி நேரத்தில் செஸ் கற்ற பிள்ளைகள் ஓராண்டு கழித்துக் கணிதத்தில் மற்றவர்களை முந்தவில்லை. செஸ் பிடித்திருந்தால் செஸ்ஸுக்காகவே கற்கலாம்.

வீட்டுப் பாடம் போதாமல் போகும் நாள் வரும். பிள்ளை காயைத் தொடும் முன் எதிராளியின் பதிலைத் தானாகவே பார்க்கத் தொடங்கும், காரணமில்லாமல் காய் இழப்பது அரிதாகும், உங்களைத் தொடர்ந்து தோற்கடிக்கும். அப்போது பயிற்சியாளரைத் தேடுங்கள். அதற்குள் நகர்வுகளைக் குறித்துவைக்கப் பழக்கியிருந்தால் நல்லது. கட்டங்களின் பெயர் சிப்பாய்ப் போரின்போதே படிந்துவிடும் என்பதால் இதற்குத் தனிப் பாடம் தேவைப்படாது. பிள்ளை தோற்ற ஆட்டங்கள் நாலைந்தின் குறிப்பை முதல் சந்திப்புக்குக் கொண்டுபோங்கள். முதல் மாதத்தில் என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேளுங்கள். ஓப்பனிங் பெயர்களை அடுக்கினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். அந்தத் தாள்களை வாங்கி, பலகையை எடுத்துவைத்து, ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்கே நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று பிள்ளையிடம் கேட்பவரானால் தயங்காமல் சேர்த்துவிடலாம்.